விடுதலைக்குப் பின் முதல் இரண்டு வாரங்கள்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குச் செல்லும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. சேலம் நகரம் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேர்வராயன் மலைமேல் உள்ள ஏற்காடோ ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த வழியில் பேருந்தில் இறங்கி வந்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். சரிவில் வண்டி தானாகவே ஓடும். ஆயினும் ஓட்டுநர் தாழ்ந்த கியரைப் போட்டு, எஞ்சின் உறும, வண்டியை மெல்லத்தான் இறக்குகிறார். எந்தக் கியரில் ஏறினோமோ அந்தக் கியரிலேயே இறங்க வேண்டும் என்பது மலைப்பாதை ஓட்டுநர்கள் கைக்கொள்ளும் விதி.

நிலையாற்றல் பற்றிய பாடத்தில் இதை ஒரு கணக்காகப் போட்டுக் காட்டுவது என் வழக்கம். ஓர் ஆண்டு அந்த வகுப்பு முடிந்ததும், மலையூர் ஒன்றிலிருந்து வந்து படிக்கும் மாணவன் ஒருவன் மேசையருகில் வந்து நின்றான். கணக்கில் ஐயம் கேட்கப் போகிறான் என்று நினைத்தேன். அவன் கேட்டதோ வேறு.

"சார், ஒருத்தர் எட்டு மாதம் ஒரு சொட்டுக்கூடக் குடிக்காமல் இருந்தால், குடிப்பழக்கம் விட்டுப் போயிடும் இல்லையா?"

"யாருக்காகக் கேட்கிறாய்?"

சற்றுத் தயங்கினான். "எங்க அப்பாவுக்கு சார். குடித்துவிட்டுப் போட்ட சண்டையில் கேஸ் ஆகிவிட்டது. சேலம் சிறையில் இருக்கிறார். அங்கே டாக்டர் ஏதோ மனசுக்கு மாத்திரை தருகிறாராம். இப்போ நல்லா இருக்கிறார். அடுத்த மாதம் ஜாமீன் கிடைக்கும் என்று வக்கீல் சொல்கிறார்."

"விட்டுப் போயிடும்" என்று சொல்லி அவனை மகிழ்ச்சியோடு அனுப்பியிருக்கலாம். ஆனால் நான் இயற்பியல் ஆசிரியன், மருத்துவன் அல்லன். தெரியாததைச் சொல்ல மனம் வரவில்லை. இரண்டு நாள் அவகாசம் கேட்டேன். மனநல மருத்துவரான நண்பர் ஒருவரிடம் பேசியும், நூலகத்தில் படித்தும் அறிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன். அந்த மாணவனைப் போன்று இதே கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு, வெளியே கேட்கக் கூசி நிற்பவர்கள் பலர் இருக்கக்கூடும்.

பிரேக்கும் கியரும்

முதலில் அந்தக் கணக்கையே பார்த்துவிடுவோம். 12 டன் எடையுள்ள பேருந்து 1,200 மீட்டர் உயரத்திலிருந்து கீழே இறங்கும்போது அது இழக்கும் நிலையாற்றல் ஏறத்தாழ 14 கோடி ஜூல் ஆகும். இவ்வளவு ஆற்றலைக் கொண்டு 480 லிட்டர் தண்ணீரை 30 டிகிரி செல்சியசிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவந்துவிடலாம். இதன் பெரும்பகுதியைப் பிரேக் ஒன்றே வெப்பமாக மாற்ற வேண்டுமானால் பிரேக் பழுக்கக் காய்ந்துவிடும். அளவுக்கு மீறிச் சூடேறிய பிரேக்கில் உராய்வு குறைந்துவிடும். எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்காது. அதனால்தான் அந்த வேலையில் ஒரு பங்கை வழி முழுவதும் எஞ்சின் ஏற்றுக்கொள்ளும்படி தாழ்ந்த கியரில் இறங்குகிறார்கள்.

சிறை என்பது பிரேக்கைப் போன்றது. ஓடிக்கொண்டிருந்த வண்டியை அது ஓரிடத்தில் நிறுத்தி வைக்கிறது. வண்டி நிற்கிறது என்பதால் மலைச்சரிவு இல்லாமற் போய்விடுவதில்லை. பிரேக்கிலிருந்து காலை எடுத்த கணமே சரிவு தன் வேலையைத் தொடங்குகிறது. சிறைவாயிலைக் கடந்து வருபவருக்குத் தாழ்ந்த கியர் எது என்பதே நம் கேள்வி.

மூளையின் தராசு

மூளையில் கோடிக்கணக்கான நரம்பணுக்கள் வேதிப்பொருள்களின் வாயிலாக ஒன்றோடொன்று செய்தி பரிமாறுகின்றன. சில வேதிப்பொருள்கள் நரம்பணுவைத் தூண்டுகின்றன, குளூட்டமேட் அத்தகையது. சில அடக்குகின்றன, காபா எனப்படுவது அத்தகையது. தராசின் இரு தட்டுகளைப் போல இவை சமநிலையில் இருக்கும்போது மூளை ஒழுங்காக இயங்குகிறது.

மது, காபாவின் வேலையை மிகுதியாக்கிக் குளூட்டமேட்டின் வேலையைக் குறைக்கிறது. நாள்தோறும் குடிப்பவரின் மூளை இந்தச் சாய்வைச் சரிக்கட்ட முயல்கிறது. அடக்கும் செய்திகளை ஏற்பதைக் குறைத்துக்கொண்டு, தூண்டும் செய்திகளை மிகுதியாக ஏற்கத் தொடங்குகிறது. இவ்வாறு தராசு மீண்டும் நேராகிறது. ஆனால் மது என்னும் எடைக்கல் ஒரு தட்டில் இருக்கும்வரைதான். முன்பு ஒரு குவளையில் வந்த மயக்கம் இப்போது மூன்று குவளை இல்லாமல் வருவதில்லை. இதைத் தாங்குதிறன் என்பர்.

இந்த நிலையில் எடைக்கல்லைத் திடீரென்று எடுத்துவிட்டால் என்ன ஆகும்? தூண்டும் தட்டு படாரென்று தாழும். குடியை நிறுத்திய சில மணி நேரத்தில் கைநடுக்கம், வியர்வை, தூக்கமின்மை தோன்றுகின்றன. கடுமையாகக் குடித்தவர்களில் சிலருக்கு முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் இல்லாதது கண்ணுக்குத் தெரிவதும், நினைவு தடுமாறுவதுமான கொடிய நிலை ஏற்படலாம். உரிய மருந்தும் வைட்டமின் பி1-உம் தராவிட்டால் உயிருக்கே ஆபத்து நேரலாம். ஆகவே குடிகாரர் ஒருவர் சிறைக்குள் சென்ற முதல் வாரமே ஓர் அபாயமான வளைவு ஆகும்.

அந்த வளைவைக் கடந்தபின் மூளை மெல்ல மெல்லப் பழைய சமநிலைக்குத் திரும்புகிறது. இது நல்ல செய்தி. ஆனால் இதற்குள் மறைந்திருக்கும் மற்றொரு செய்தியைத்தான் வீட்டார் அறிய வேண்டும். தாங்குதிறன் போய்விட்டது, குடித்த அளவு மட்டும் நினைவில் அப்படியே இருக்கிறது. எட்டு மாதத்திற்கு முன் குடித்த அதே அளவை இன்று குடித்தால், அது புதிதாகக் குடிப்பவனின் உடலில் விழுவது போல விழும். சுவாசம் மந்தமாகலாம், வாந்தி மூச்சுக்குழலில் புகலாம். மேலும், மது தோலின் இரத்தக் குழாய்களை விரியச் செய்வதால் உடல் வெப்பத்தை விரைவாக இழக்கிறது. மார்கழி இரவில் ஏற்காட்டுப் பாதையோரத்தில் நினைவிழந்து கிடப்பவருக்கு இது சிறிய செய்தி அன்று.

அபின் வகைப் போதைப்பொருள்களில் இந்த ஆபத்து இன்னும் பெரிது. அவை மூளையின் சுவாச மையத்தையே நேராக அடக்குகின்றன. பழைய அளவு ஒரே ஒரு முறை போதும்.

எண்கள் கூறுவது

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 1999 முதல் 2003 வரை சிறையிலிருந்து விடுதலையான 30,000-க்கும் மேற்பட்டவர்களைப் பற்றிய ஆய்வு ஒன்று 2007-இல் வெளியாயிற்று. விடுதலையான முதல் இரண்டு வாரங்களில் அவர்கள் இறக்கும் வாய்ப்பு, அதே வயதும் பாலினமும் கொண்ட பொதுமக்களைவிட 12.7 மடங்கு கூடுதலாக இருந்தது. போதைப்பொருள் மிகையால் இறக்கும் வாய்ப்பு 129 மடங்கு! நாட்கள் செல்லச் செல்ல இந்த ஆபத்து குறைந்தது. சரிவு மிகச் செங்குத்தாக இருப்பது முதல் இரண்டு வாரங்களில்தான் என்பது இதனால் விளங்குகிறது.

இது அமெரிக்கக் கணக்கு. நமக்குப் பொருந்துமா என்று கேட்கலாம். அங்கே ஹெராயின் போன்றவை மிகுதி. இங்கே மதுவே முதன்மையானது. ஆகவே மடங்குகளை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் நம் சிறைகளில் இத்தகைய துன்பம் குறைவு என்று எண்ணுவதற்கும் இடமில்லை. பெங்களூரு மத்தியச் சிறையில் நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் 5,024 கைதிகளைச் சோதித்து, 2011-இல் முடிவுகளை வெளியிட்டனர். அவர்களுள் 79.6 விழுக்காட்டினருக்கு மனநோயோ போதைப் பழக்கமோ இருந்தது. போதைப் பழக்கத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும், 27.6 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு மனநோய் இருந்தது. நான்கு பேரில் ஒருவருக்கு மேல்!

இடம் செய்யும் வேலை

மணியோசை கேட்டதும் நாய்க்கு எச்சில் ஊறும்படி பழக்கிய பாவ்லவின் சோதனையை நாம் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். மனிதனும் இதற்கு விலக்கல்லன். நாள்தோறும் ஒரே கடைமுனையில், ஒரே நேரத்தில், அதே நண்பர்களுடன் குடித்தவருக்கு அந்த முனையும் அந்த நேரமும் அந்த முகங்களுமே மணியோசை ஆகிவிடுகின்றன.

இதை 1982-இல் சீகல் என்ற கனடா நாட்டு ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் எலிகளை வைத்துக் காட்டினர். ஹெராயினுக்குப் பழக்கிய எலிகளுக்கு ஒரு நாள் மிகப் பெரிய அளவு கொடுத்தார்கள். வழக்கமான இடத்திலேயே பெற்ற எலிகளில் 32 விழுக்காடு இறந்தன. அதே அளவைப் புதிய இடத்தில் பெற்ற எலிகளில் 64 விழுக்காடு இறந்தன. பழகாத எலிகளில் 96 விழுக்காடு இறந்தன. பழகிய இடத்தில் உடல் முன்கூட்டியே போதையை எதிர்கொள்ள ஆயத்தமாகிறது என்பது இதன் பொருள். போதைப்பொருள் வராமல் இடம் மட்டும் வந்தால், அந்த ஆயத்தமே அடக்க முடியாத ஏக்கமாக உணரப்படுகிறது.

வியட்நாம் போரில் அமெரிக்கப் படைவீரர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் அங்கே ஹெராயினுக்கு அடிமையாகி இருந்தார். ஊர் திரும்பினால் என்ன ஆகுமோ என்று அரசு அஞ்சியது. லீ ராபின்ஸ் என்ற அம்மையார் 1971-இல் திரும்பியவர்களைத் தொடர்ந்து ஆராய்ந்தார். அங்கே அடிமையாகி இருந்தவர்களில் முதல் ஆண்டுக்குள் மீண்டும் அடிமையானவர்கள் ஏறத்தாழ 5 விழுக்காட்டினரே. போதைப்பொருள் கிடைத்த இடம் கடலுக்கு அப்பால் நின்றுவிட்டது. வீரர்கள் வீடு வந்து சேர்ந்தார்கள்.

சிறையிலிருந்து வருபவரின் பயணம் இதற்கு நேர் எதிரானது என்பதைக் கவனியுங்கள். அவர் மது இல்லாத இடத்தை விட்டு, மது இருந்த அதே இடத்திற்குத் திரும்புகிறார். சிறைச் சுவர்களுக்கு நடுவே மணியோசையே இல்லை. ஆகவே ஏக்கமும் இல்லை. "எனக்கு இப்போது குடிக்கும் எண்ணமே இல்லை" என்று அவர் சொல்வது பொய்யன்று. ஆனால் அந்தச் சொல்லின் உறுதி, பழைய கடைமுனையைக் காணும்வரைதான் சோதிக்கப்படாமல் இருக்கிறது.

இடத்தையே மாற்றிவிடும் முயற்சியும் சேலத்தில் நடந்திருக்கிறது. இந்தியாவில் முதன்முதலாக மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது சேலம் மாவட்டத்தில்தான். அதை 1937 அக்டோபர் 1-ஆம் நாள் இராஜாஜியின் அமைச்சரவை கொண்டுவந்தது. அதற்குப்பின் மதுவிலக்குச் சட்டம் பல மாறுதல்களைக் கண்டுவிட்டது; இன்று அரசு நிறுவனமே மது விற்கிறது. எந்தக் கொள்கை சரி என்று ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. சிறையிலிருந்து வருபவர் இறங்கும் பேருந்து நிலையத்தருகே கடை இருக்கத்தான் போகிறது என்பதை மட்டும் கணக்கில் கொள்வோம்.

மாத்திரை தீரும் நாள்

மனநோய்க்குச் சிறையில் மருந்து பெற்றவரின் நிலை என்ன? கதிரியக்கப் பாடத்தில் வரும் அரை ஆயுள் என்னும் கருத்து இங்கேயும் உதவுகிறது. உட்கொண்ட மருந்தில் பாதி உடலிலிருந்து நீங்க ஆகும் நேரமே அதன் அரை ஆயுள். மனம் மிதமிஞ்சி எழுவதும் பின்பு தாழ்ந்து சோர்வதுமான நோய்க்குத் தரப்படும் லித்தியத்தின் அரை ஆயுள் ஏறத்தாழ ஒரு நாள். மாத்திரையை நிறுத்தினால் முதல் நாள் பாதி, இரண்டாம் நாள் கால், ஐந்தாம் நாள் 32-இல் ஒரு பங்கு என்று குறைந்து, ஒரு வாரத்தில் மருந்து பெரும்பாலும் நீங்கிவிடும்.

ஆனால் நோய் அன்றே திரும்புவதில்லை. வாரங்களோ மாதங்களோ கழித்துத்தான் திரும்புகிறது. இந்த இடைவெளியே பெரும் ஏமாற்று. "மாத்திரையை விட்டு ஒரு மாதம் ஆயிற்று, நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று நோயாளியும் வீட்டாரும் முடிவு செய்துவிடுகிறார்கள். மனச்சிதைவு நோயாளிகளைப் பற்றி 1999-இல் வெளியான ஆய்வொன்றில், மருந்தை நிறுத்தியவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்து மடங்கு எனக் கண்டார்கள். நாள்தோறும் மாத்திரை விழுங்குவது இயலாதவர்களுக்கு, இரண்டு அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை போட்டுக்கொள்ளும் ஊசி மருந்துகளும் உண்டு. மலையூரிலிருந்து அடிக்கடி மருத்துவமனைக்கு வர இயலாதவர்கள் இதுபற்றி மருத்துவரிடம் கேட்கலாம்.

கதவு எப்போது திறக்கும்?

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நாள் முன்பே தெரியும். சிறையில் அப்படியன்று. 2022-ஆம் ஆண்டு இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்களில் நான்கில் மூன்று பங்கினர் விசாரணைக் கைதிகள். அவர்களுக்கு ஜாமீன் உத்தரவு என்று வரும் என்பது யாருக்கும் தெரியாது. உத்தரவு வந்த மாலையே கதவு திறக்கும். கையில் மருந்துச் சீட்டு இருக்கிறதா, எத்தனை நாள் மாத்திரை இருக்கிறது, அழைத்துச் செல்ல ஆள் வந்திருக்கிறதா என்று பார்க்க அந்த நேரத்தில் யாருக்கும் ஓய்வு இராது. ஆகவே விடுதலைக்கான ஏற்பாடு விடுதலை நாளில் தொடங்கினால் பயன் இல்லை. உள்ளே நுழைந்த நாளிலேயே தொடங்க வேண்டும்.

வெளியே ஒருவரும் காத்திராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அசாம் மாநிலத்தின் மச்சாங் லாலுங் என்பவரின் வாழ்க்கை சான்று. 1951-இல் கைதான அவர் மனநோய் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். 1967-இல் உடல்நலம் தேறிவிட்டார் என்று மருத்துவர்கள் சான்றளித்தும், வீட்டுக்கு அனுப்பப்படாமல் மற்றொரு சிறைக்கு மாற்றப்பட்டார். தேசிய மனித உரிமை ஆணையம் தலையிட்ட பிறகு, 2005-இல்தான் வெளியே வந்தார். விசாரணையே முடியாமல் 54 ஆண்டுகள்! இரண்டே ஆண்டுகளில், 2007-இல், அவர் காலமானார்.

வழியெல்லாம் உடன்வரும் உதவி

இந்தச் சரிவில் தாழ்ந்த கியராக அமையும் முறைகள் உலகின் பல இடங்களில் சோதித்துப் பார்க்கப்பட்டிருக்கின்றன.

ஸ்காட்லாந்தில் 2011 முதல், அபின் வகைப் போதையிலிருந்து உயிர் மீட்கும் நாலக்சோன் என்ற மருந்தை, விடுதலையாகும் கைதிகளின் கையிலேயே கொடுத்து அனுப்பினார்கள். அபின் வகைப் போதையால் அந்நாட்டில் நேர்ந்த இறப்புகளில், சிறையிலிருந்து வந்த நான்கு வாரங்களுக்குள் நேர்ந்தவை முன்பு 9.8 விழுக்காடாக இருந்தன. 2011-13 ஆண்டுகளில் அது 6.3 விழுக்காடாகக் குறைந்தது.

சான்பிரான்சிஸ்கோ நகரில் 2006-இல் தொடங்கிய ஒரு மருத்துவமனைத் திட்டத்தில், முன்பு சிறையில் இருந்து திருந்தியவர்களையே நலப் பணியாளர்களாக அமர்த்தினார்கள். புதிதாக வெளியே வந்தவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்வது இவர்கள் பொறுப்பு. அந்தப் பாதையில் ஏற்கெனவே நடந்தவருக்கு வளைவுகள் எங்கே உள்ளன என்பது தெரியும் அல்லவா?

நியூயார்க்கில் வீடற்றோர் விடுதியிலிருந்து குடியிருப்புகளுக்குச் சென்ற, கடும் மனநோயுள்ள 96 ஆண்களை வைத்து ஒரு சோதனை நடந்தது. அதன் முடிவு 1997-இல் வெளியாயிற்று. அவர்களில் ஒரு பாதியினருக்கு ஒன்பது மாதங்கள் ஒரு பணியாளர் துணை நின்றார். தொடக்கத்தில் அடிக்கடி வந்து பார்த்தார். பிறகு வீட்டார், மருத்துவர், அக்கம்பக்கத்தார் ஆகியோரிடம் பொறுப்பைச் சிறிது சிறிதாக ஒப்படைத்துவிட்டுத் தாம் விலகிக்கொண்டார். பதினெட்டு மாதக் கணக்கில் அவர்கள் வீடின்றிக் கழித்த இரவுகள் சராசரியாக 30. துணை பெறாதவர்களுக்கோ 91. இவர்கள் சிறையிலிருந்து வந்தவர்கள் அல்லர் என்றாலும், உதவியை ஒரே நாளில் அறுத்துவிடாமல் படிப்படியாகக் குறைப்பதே சிறந்தது என்ற உண்மை நமக்கும் பொருந்தும்.

தமிழ்நாட்டிலும் முன்மாதிரி இல்லாமல் இல்லை. கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் அம்மையார் சென்னையில் 1980-இல் டி.டி. ரங்கநாதன் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடி போன்ற சிற்றூர்களில் அந்நிறுவனம் முகாம்கள் நடத்தியது. குடிப்பவரை ஊரைவிட்டுப் பிரித்துக் கொண்டுபோகாமல், ஊருக்குள்ளேயே மருத்துவம் செய்து, மனைவி மக்களையும் உட்கார வைத்துப் பேசி, ஊராரையும் பொறுப்பாளிகளாக்கிய முறை அது. இடம் செய்யும் தீங்கை அதே இடத்தின் நன்மையால் வெல்லும் வழி எனலாம்.

நமக்குள்ள சட்டமும் வசதியும்

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இரண்டு ஏற்பாடுகளைச் செய்திருக்கிறது. மனநல நிலையத்திலிருந்து ஒருவரை அனுப்பும்போது, வெளியே தொடர வேண்டிய சிகிச்சையை அவரோடும் அவரைக் கவனிப்பவரோடும் கலந்து திட்டமிட வேண்டும் என்கிறது 98-ஆம் பிரிவு. சிறையில் உள்ள மனநோயாளிகளைப் பற்றியது 103-ஆம் பிரிவு. ஒவ்வொரு மாநிலத்திலும் குறைந்தது ஒரு சிறையின் மருத்துவப் பகுதியிலாவது மனநல நிலையம் அமைக்க வேண்டும் என்று அது கூறுகிறது. மருத்துவமனை வாயிலுக்கு உள்ள திட்டமிடும் கடமை சிறை வாயிலுக்கும் வந்தாக வேண்டும் என்பதே என் கருத்து. சிறை மருத்துவர் எழுதித் தரும் ஒரு பக்கக் குறிப்பும், இரண்டு வார மாத்திரையும், அடுத்து எந்த மருத்துவமனையில் யாரைப் பார்ப்பது என்ற ஒரு வரியும் போதும். இதற்குப் பெருஞ்செலவு இல்லை.

1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டமும் தண்டனை ஒன்றையே கூறுவதன்று. போதைப்பொருளை உட்கொண்டதற்காகவோ, சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ தண்டனைக்குரியவராகும் அடிமையைச் சிகிச்சைக்கு அனுப்ப 39-ஆம் பிரிவு நீதிமன்றத்திற்கு இடம் தருகிறது. சிறையில் இருப்பவர்களும், மனநோயாளிகளும், பழங்குடியினரும் இலவசச் சட்ட உதவி பெற உரிமையுள்ளவர்கள். சேர்வராயன் மலைவாழ் மலையாளி மக்கள் பழங்குடிப் பட்டியலில் உள்ளவர்களே. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகினால் வழக்கறிஞர் கட்டணம் இல்லாமல் கிடைப்பார்.

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் அழைத்துத் தமிழிலேயே பேசலாம். போதையிலிருந்து மீள விரும்புவோருக்கு 14446 என்ற எண் உள்ளது.

வீட்டார் கையில் இருப்பது

1972-இல் இலண்டனில் வெளியான ஓர் ஆய்வு நமக்குப் பெரிதும் பயன்படும். மனச்சிதைவு நோயாளிகள் வீடு திரும்பியபின் ஒன்பது மாதங்கள் கவனித்தார்கள். ஓயாமல் குறை கூறியும் கடிந்தும் வந்த வீடுகளுக்குத் திரும்பியவர்களில் 58 விழுக்காட்டினருக்கு நோய் மீண்டும் வந்தது. அமைதியான வீடுகளுக்குத் திரும்பியவர்களில் 16 விழுக்காட்டினருக்கே வந்தது. 1987-இல் சண்டிகரில் இதே முறையில் ஆராய்ந்தபோது, அவ்வாறு கடியும் குடும்பங்கள் இலண்டனைவிட அங்கே குறைவு என்று தெரியவந்தது. நம் குடும்பங்களிடம் உள்ள பொறுமை மருந்துக்கு நிகரான வலிமை உடையது என்பதை இதனால் அறியலாம்.

ஆகவே, வரும் முதல் நாளில் அழைத்துவர ஒருவர் வாயிலில் நிற்க வேண்டும். நேரே மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். பழைய அளவு இப்போது நஞ்சாகக்கூடும் என்பதை ஒளிக்காமல் அவருக்குச் சொல்ல வேண்டும். முதல் இரண்டு வாரங்கள் பழைய கடைமுனை வழியாகத் தனியே அனுப்பாமல் இருக்க வேண்டும். காலையில் எழுந்து போக ஒரு வேலை, சிறிய கூலியானாலும், வேண்டும். மீண்டும் தொடர்ந்து குடிக்கத் தொடங்கிவிட்டால் அறையில் பூட்டி வைத்து நிறுத்த முயலக் கூடாது. நடுக்கமும் வலிப்பும் வரக்கூடுமாதலால் மருத்துவமனையே உரிய இடம். ஒரு நாள் தவறிவிட்டால் எல்லாம் போயிற்று என்று கைவிடவும் கூடாது. பதினேழு வளைவுகளைப் பத்திரமாகக் கடந்த ஓட்டுநர், பதினெட்டாம் வளைவில் சற்று ஓரம் உரசிவிட்டார் என்பதற்காக வண்டியைப் பள்ளத்தில் விட்டுவிடுவதில்லை.

அந்த மாணவனுக்கு இவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். "அப்படியென்றால் எட்டு மாதம் குடிக்காமல் இருந்தது வீணா சார்?" என்று கேட்டான். "வீணில்லை. மூளை ஆறியிருக்கிறது. ஆறியதை இனிமேல் காப்பாற்ற வேண்டும்" என்றேன்.

அவன் எதிர்பார்த்த நாளுக்கு ஒன்பது நாள் முன்னதாகவே உத்தரவு வந்துவிட்டது. அதுவும் மாலை ஏழு மணிக்கு. ஆனால் அவனும் அவன் சித்தப்பாவும் அதற்கு ஆயத்தமாக இருந்தார்கள். 1862-இல் தொடங்கிய சேலம் மத்தியச் சிறை, ஏற்காட்டுக்குப் போகும் வழியில் அஸ்தம்பட்டிப் பகுதியில் இருக்கிறது. அங்கிருந்து அன்றிரவே மலையேறுவது எளிது. அவர்கள் ஏறவில்லை. சேலத்தில் அத்தை வீட்டில் தங்கி, மறுநாள் காலை மருத்துவமனையில் சீட்டுப் போட்டு, மாத்திரை வாங்கிக்கொண்டு, நண்பகல் பேருந்தில்தான் ஊருக்குப் போனார்கள். கடைமுனை நிறுத்தத்தில் இறங்காமல் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, ஒற்றையடிப் பாதையில் நடந்தார்களாம்.

மூன்றாம் மாதத்தில் ஒரு நாள் அவர் குடித்துவிட்டார். மறுநாளே மகன் மருத்துவரிடம் அழைத்துப் போனான். இப்போது காப்பித் தோட்டத்தில் வேலைக்குப் போகிறார். நான்கு வாரத்திற்கு ஒருமுறை சேலத்திற்கு வந்து மருத்துவரைப் பார்க்கிறார். திரும்பிப் போகும் பேருந்தில் ஏறுவதற்கு முன் சில சமயம் கல்லூரி வாயிலில் நின்று மகனைப் பார்த்துவிட்டுப் போவார். சென்ற முறை நானும் அங்கே இருந்தேன். "சார், பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று கும்பிட்டுவிட்டுப் புறப்பட்டார்.